எடைமேடைக்குப் பின்னால் ஒரு டப்பா

அத்தை கடை ஷட்டரைப் பாதி இறக்கினாள், குனிந்து வெளியே வந்தாள், நெற்றியைத் தட்டிக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள். காரின் எஞ்சினை அணைக்காமல் ஸ்டியரிங்கில் மோவாயை ஊன்றிக்கொண்டு மருமகள் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை அத்தை கத்தரிக்கோலை மறந்திருந்தாள். அடுத்த தடவை மூக்குக்கண்ணாடி. இப்போது எதுவோ. ஞாயிற்றுக்கிழமைத் தெரு இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. எதிர் வீட்டு மாடியில் ஒருவர் பல் தேய்த்தபடி, இந்த வேடிக்கையைத் தினமும் பார்ப்பவர்போல அலட்டிக்கொள்ளாமல் பார்த்தார்.

"என்னத்தைத் தேடறீங்க அத்தை?"

"சீட்டு. நேத்து ராத்திரி உக்காந்து அளவா வெட்டி வெச்சேன். இந்த மேஜை மேலதான் வெச்சேன், கால் முளைச்சுப் போயிடுச்சு."

"உங்க இடது கையில என்ன?"

அத்தை தன் இடது கையைப் பார்த்தாள். ரப்பர் பேண்ட் போட்ட காகிதச் சீட்டுகள் சமர்த்தாக அங்கே இருந்தன. அதற்காக அவள் வெட்கப்படவெல்லாம் இல்லை. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டுவிட்டு ஏறி, சீட் பெல்ட்டோடு மல்லுக்கட்டி, ஒரு வழியாக உட்கார்ந்தாள். கார் தெருமுனை திரும்புவதற்குள் புலம்பல் ஆரம்பமாகிவிட்டது. "எழுத முடியலையாம்! நனைஞ்சு போயிடக் கூடாதேன்னு ஒருத்தி நல்லது நெனச்சுப் பண்ணினா, பேனா வழுக்குதாம். போன்ல எப்படி எழுதியிருக்காங்க பாரு. சிரிக்கிற பொம்மை வேற போட்டிருக்காங்க பக்கத்துல."

அத்தை நடத்துவது ஜெராக்ஸ் கடை. அக்கம்பக்கத்தில் அவளுக்கு ஜெராக்ஸ் அம்மா என்றுதான் பெயர். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சூடு காட்டி ஒட்டிவிட்டால் எந்தக் காகிதத்துக்கும் சாவில்லை என்பது அவளுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பள்ளிக்கூட டைம்டேபிள், டாக்டர் சீட்டு, எலக்ட்ரீஷியன் போன் நம்பர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் லேமினேட் செய்திருந்தாள். மகனுடைய கல்யாணப் பத்திரிகைகூட அப்படித்தான் கல்லாப்பெட்டிக்கு மேலே பளபளவென்று மாட்டியிருந்தது. அந்த வேகத்தில், தானே முதன்முதலாக ஒளித்துவைத்த டப்பாவுக்குள், தேடி வருகிறவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய சீட்டையும் நாலு பக்கமும் ஒட்டி லேமினேட் செய்து வைத்துவிட்டாள். வந்தவர்களெல்லாம் கையில் பேனாவோடு திருதிருவென்று விழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் சரி செய்யத்தான் இன்றைய பயணம்.

அது என்ன டப்பா என்றால், அது ஒரு பைத்தியம். அத்தையின் மகன் அப்படித்தான் சொல்வான். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கோ ஒரு பாலத்துக்கு அடியிலோ மரப்பொந்திலோ ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைப் போனில் போட்டுவிடுவார். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே போய்த் தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த மாதிரியே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது, பைசா கிடையாது. ஜியோகேச்சிங் என்று பெயர். அத்தையின் வாயில் அது நுழையவில்லை. நுழைக்க அவள் மெனக்கெடவும் இல்லை. டப்பா வேட்டை என்று வைத்துக்கொண்டாள். நடந்தால் சர்க்கரை குறையும் என்று டாக்டர் சொன்னதால் மகன்தான் அதை அவள் போனில் போட்டுக்கொடுத்தான். முதல் நாள் கூடவும் வந்தான். வந்து, காருக்குள் உட்கார்ந்து ஆபீஸ் மெயில் பார்த்தான். அடுத்த வாரம் அவன் தலைவலி என்று படுத்துவிட, மருமகள் சாவியை எடுத்தாள். அன்றிலிருந்து இவர்கள் இருவரும்தான். போனில் இருவருக்கும் சேர்த்து ஒரே பெயர்: ரெண்டு டிக்கெட்.

அத்தைக்குப் பெரிய சாலை ஆகாது. "எல்லா லாரிக்காரனும் என்னையே பாத்துகிட்டு வரான்" என்பாள். அதனால் போனில் நெடுஞ்சாலையை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அரை நாள் ஆகும். மூடிப்போன மில்களை ஒட்டி, கால்வாய்க் கரை மேலே, நாய் நடுரோட்டில் படுத்துத் தூங்கும் அளவுக்கு வண்டி வராத சாலைகளில் ஊர்ந்து போவார்கள். போனுக்குள் இருக்கும் பெண் திரும்பிச் செல்லவும், திரும்பிச் செல்லவும் என்று கெஞ்சுவாள். "நீ சும்மா இரும்மா, உனக்கென்ன தெரியும்" என்று அத்தை அவளை அடக்குவாள். அந்தக் கார்ப் பேச்சு இருக்கிறதே, அதற்காகவே மருமகள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள். ஜெராக்ஸ் மெஷின் எப்படிக் காகிதத்தைக் கடித்தது, காதலித்தவளுக்கு எழுதிய கடிதத்தை ஒருவன் எப்படி ஐந்து காப்பி எடுத்துக்கொண்டு போனான் என்று அத்தை சொல்லச் சொல்ல, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டில் கணவனோடு பேச்சு வற்றிக்கொண்டே போன வருஷங்களில்தான் அத்தையோடு பேச்சு பெருகியது. இதை மருமகள் தாமதமாகத்தான் கவனித்தாள். கவனித்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

விஷயம் இதுதான். அவளும் அவனும் பிரிவதென்று முடிவாகிவிட்டது. அடிதடி இல்லை, வேறொருத்தி வேறொருவன் என்றெல்லாம் இல்லை. ஒரே வீட்டில் இருவர் குடித்தனக்காரர்கள் மாதிரி இருந்து இருந்து, ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், கரண்ட் பில் பற்றிப் பேசுவதுபோல, இருவருமாகவே அதைச் சொல்லி முடித்தார்கள். அதன்பிறகுதான் அவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். வேலைக்காகப் போயிருக்கிறான், வருஷம் திரும்பினால் வந்துவிடுவான் என்று அத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்ல வேண்டியவன் அவன். "நீயே சொல்லிடேன். நீ சொன்னா அம்மா கத்த மாட்டாங்க" என்று போனில் கெஞ்சினான். நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. புதன்கிழமை கோர்ட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "இந்த ஞாயித்துக்கிழமையாவது சொல்லிடு ப்ளீஸ்" என்று நேற்றும் கூப்பிட்டான்.

தன் சொந்த அம்மாவிடம் சொன்னபோதுகூட அவள் இந்த அளவு தயங்கவில்லை. அம்மா அழுதாள், திட்டினாள், சமாதானமானாள். அம்மா எங்கே போய்விடப் போகிறாள்? இந்த அத்தை அப்படி இல்லை. கணவன் போனால் முன்னாள் கணவன். மாமியார் போனால்? முன்னாள் மாமியார் என்று சொல்லிப் பார்த்தாள். முன்னாள் மந்திரி மாதிரி இருந்தது. முன்னாள் மாமியாரைக் காரில் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பா தேடப் போகிறவள் உலகத்தில் எவளாவது உண்டா? அவனை விட்டுப் பிரிவது அவளுக்கு ஆறிப்போன காயம். அத்தையை விட்டுப் பிரிவதைத்தான் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால்தான் வாரம் வாரம் தள்ளிப் போட்டாள்.

பாதி வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. எஞ்சினை அணைத்தாள். அத்தை பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். இதுதான் சமயம் என்று மருமகள் வாயைத் திறந்தாள்.

"அத்தை..."

"சர்க்கரை கம்மியா? எனக்குப் போடற அளவுதான் உனக்கும் வரும், என்ன பண்றது."

"இல்ல, சரியா இருக்கு."

சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கேட் திறந்ததும் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான். அவள் டீயை ஒரே மடக்கில் விழுங்கி, நாக்கைச் சுட்டுக்கொண்டு, கியரைப் போட்டாள்.

டப்பா இருந்த இடம் பழைய சாலையில் ஒரு எடைமேடை. லாரிகளைப் பாரத்தோடு ஏற்றி எடை பார்க்கும் இடம். பைபாஸ் வந்த பிறகு லாரிகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையோடு தரையாகப் பதித்த அகலமான இரும்புத் தகடு துருவேறிக் கிடந்தது. பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதையடுத்துத் தகரக் கொட்டகை, சுற்றி இடுப்பளவு புல். வெறிச்சென்றிருந்த சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு பஸ் நிழற்குடை, கூரையில் பாதி இல்லாமல் நின்றது. "என் டப்பாவுக்கு எவ்வளவு கம்பீரமான இடம் பாரு" என்று அத்தை முதன்முதலில் இங்கே இறங்கியபோது சொன்னாள். இன்று இறங்கியவுடன் அறைக்குப் பின்னால் போனாள். செங்கல் சந்துக்குள் கையை விட்டாள். முகம் மாறியது.

"காணோம்."

"நல்லாப் பாருங்க."

"வெச்சவளுக்குத் தெரியாதா? இங்கதான் சொருகினேன். எவனோ எடுத்து எங்கியோ வெச்சுட்டுப் போயிருக்கான். வா, வந்து தேடு."

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. டப்பாவை முதலில் பார்த்தவள் வாயைத் திறக்கக் கூடாது, அந்தப் பக்கம் பார்க்கவும் கூடாது. தள்ளிப் போய், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, கால் வலிக்குது என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றவளுக்கும் தானாகக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் கிடைக்க வேண்டும் அல்லவா, அதற்காக. அத்தைக்கு இது கொஞ்சமும் வராது. பார்த்த மாத்திரத்தில் முகமெல்லாம் பல்லாகிவிடும். மருமகள் இதில் கெட்டிக்காரி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். நாளெல்லாம் மற்றவர்களை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, திரையில் தெரியும் முறிவைப் பார்த்தும் பார்க்காத முகத்தோடு, "ரிப்போர்ட் டாக்டர் சொல்லுவாங்க" என்று அனுப்பிவைப்பாள். கண்டதைச் சொல்லாமலிருப்பது அவளுக்கு உத்தியோகத்திலேயே ஊறிப்போயிருந்தது.

டப்பாவை அவள் உடனே பார்த்துவிட்டாள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கேபிள் குழாயின் வாய்க்குள் அதன் நீல மூடி தெரிந்தது. பழக்கதோஷத்தில் நகர்ந்து போய் அறையின் படியில் உட்கார்ந்து, "கால் வலிக்குது" என்றாள்.

"அதுக்குள்ளயா? ராட்சசி," என்று அத்தை உற்சாகமாகிப் புல்லை விலக்கத் தொடங்கினாள். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெயிலில் வியர்த்து, ரவிக்கை ஒட்டிக்கொண்ட முதுகு. முகத்தைப் பார்த்து வராத வார்த்தை, முதுகைப் பார்த்ததும் வந்துவிட்டது.

"அத்தை, நானும் அவரும் பிரியறோம்."

புல்லுக்குள் துழாவிய கை நின்றது. "அவன்தான் ஏற்கெனவே அங்க போய் உக்காந்திருக்கானே. இன்னும் எங்க பிரியறது?"

"டைவர்ஸ், அத்தை. புதன்கிழமை கோர்ட்ல கையெழுத்து. ரெண்டு பேருமா சேந்துதான் முடிவு பண்ணோம். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அதான் எனக்குக் கேக்கல," என்றாள் அத்தை. "சண்டை போட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

முட்டியில் கையை ஊன்றி மெல்ல நிமிர்ந்து திரும்பினாள். புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிடவில்லை.

"எப்போ முடிவு பண்ணீங்க?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி."

"மில்லுக்குப் பின்னாடி நாய் துரத்துச்சே, அப்பவே?"

"ஆமா."

"கால்வாய்ல என் செருப்பு அடிச்சுகிட்டுப் போச்சு. ஒத்தைச் செருப்போட உன் தோளைப் பிடிச்சுகிட்டு வந்தேன். அன்னைக்கும் தெரியுமா உனக்கு?"

"தெரியும் அத்தை."

"அன்னைக்குத்தானே சொன்னேன், அவன் திரும்பி வந்ததும் மூணு பேருமா கடற்கரைப் பக்கம் போயிட்டு வரலாம்னு. நீயும் தலையாட்டினே. எந்த லாட்ஜுல தங்கலாம்னுகூடப் பேசினே." அத்தை அவள் உட்கார்ந்திருந்த படியைக் கைகாட்டினாள். "எல்லாத்தையும் பாத்துட்டு, வாரா வாரம் தள்ளி நின்னுகிட்டு, கால் வலிக்குது கால் வலிக்குதுன்னு உக்காந்திருக்கே. விளையாட்டுல அது மரியாதைதான். என்கிட்ட எதுக்குடி இந்த விளையாட்டு?"

அத்தை அவளை டி போட்டது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பய ஏன் சொல்லல?"

"நான் சொன்னா நீங்க கத்த மாட்டீங்களாம்."

"நான் என்னைக்குக் கத்தினேன்?" என்று அத்தை கத்தினாள். தகரக் கொட்டகையிலிருந்து புறாக்கள் படபடவென்று கிளம்பின.

"எனக்கு அவரை விட்டுப் போறது பயமா இல்ல. உங்களை விட்டுப் போகத்தான் பயமா இருந்துச்சு. அதான் சொல்லல அத்தை."

"என்னை அத்தைன்னு கூப்பிடாதே."

"வேற எப்படிக் கூப்பிடறது?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும்தான் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே, கலந்து பேசிச் சொல்லுங்க. நான் பஸ்ல போய்க்கறேன்."

விடுவிடுவென்று சாலையைக் கடந்து, கூரையில்லாத பக்கமாகப் பார்த்து நிழற்குடையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தச் சாலையில் பஸ் நின்றுபோய் எத்தனையோ காலமாயிற்று என்பது அவளுக்கும் தெரியும். மருமகள் அழுதாள். அழுதுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல், வந்த வேலையைச் செய்தாள். குழாயிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தாள். லேமினேட் சீட்டு புத்தம் புதிதாக இருந்தது. அதன்மேல் யார் யாரோ எழுதிப் பார்த்து வழுக்கிய மைக் கோடுகள், ஆணியால் கீறிய ஒரு பாதிப் பெயர். அத்தை புல்லில் விட்டுப் போயிருந்த பையிலிருந்து வெட்டிய சீட்டுகளை எடுத்து உள்ளே வைத்தாள். எதிர்ப்பக்கம் பார்த்தாள். அத்தை அசையவில்லை. இனி அத்தை தன் காரில் ஏறுவாளா என்பது ஒன்றுதான் அவள் மனதில் ஓடியது.

அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. நடுவயதுத் தம்பதி. அந்த ஆள் தொந்தியை முன்னால் விட்டு இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். மனைவி கையில் போனைப் பார்த்தபடியே நேராக அறைக்குப் பின்னால் வந்து, டப்பாவோடு நின்றவளைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நீங்களும் டப்பாவுக்கா? நாங்க ரெண்டாந்தடவை வரோம். போன தடவை கையெழுத்தே போட முடியல. இவர் ஆணியால கீறிப் பாத்தாரு, அதுவும் ஆகல."

"அதை லேமினேட் பண்ணின புத்திசாலி யாருன்னு ஒருதரம் பாத்துடணுங்க," என்று கணவர் பெரிய குரலில் சிரித்தார். "பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளயே போட்டுட்டுப் போற ஆளா இருப்பாரு!"

அந்தச் சாலையில் வேறு சத்தமே இல்லை. நிழற்குடையில் ஒரு தலை திரும்பியதை மருமகள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நான்தாங்க பண்ணேன்," என்றாள். "தெரியாம பண்ணிட்டேன். இன்னைக்கு மாத்தத்தான் வந்தேன்."

அவர் சங்கடப்பட்டு, "அடடா, தமாஷுக்குச் சொன்னேன்மா" என்று இழுத்தார். அதற்குள் சாலையை யாரோ குறுக்கே கடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"அவ இல்ல, நான்," என்றாள் அத்தை மூச்சு வாங்கியபடி. "எங்கிட்ட மெஷின் இருக்கு, நான் பண்ணேன். இப்ப என்னங்கறீங்க?" பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே, "போதும். இதையாவது மறைக்காம விடு" என்றாள்.

மற்ற இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நல்ல மனிதர்கள். ரெண்டு டிக்கெட் என்ற பெயரைப் பல டப்பாக்களில் பார்த்திருப்பதாகவும், யாரோ காதல் ஜோடி என்று நினைத்திருந்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். அவர் புதுச் சீட்டில் கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதி, பேனாவை முத்தமிடுவதுபோல் செய்து காட்டினார். அத்தையின் உதடு ஒரு நொடி துடித்து அடங்கியது.

"டப்பா வெச்சவங்களையே நேர்ல பாக்கறது எவ்வளவு அபூர்வம்! ஒரு போட்டோ எடுத்துக்கறேன். ரெண்டு பேரும் அந்தத் தகட்டு மேல நில்லுங்க," என்றாள் அந்தப் பெண். "உங்க பொண்ணாம்மா?"

"மருமக," என்றாள் அத்தை. பிறகு, "புதன்கிழமை வரைக்கும்."

"அப்புறம் பொண்ணாக்கிடப் போறீங்களாக்கும்!" என்று அந்தப் பெண் கலகலவென்று சிரித்தாள்.

எடைமேடையின் தகட்டில் அத்தையும் மருமகளும் ஏறி நின்றார்கள். இருவருக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் நிற்கலாம் என்னும்படி இடம் இருந்தது. அந்தப் பெண் போனை உயர்த்தி, கண்ணைச் சுருக்கி, தலையை ஆட்டினாள். "அம்மா பாதிதான் தெரியறாங்க. கொஞ்சம் ஒட்டி நில்லுங்களேன்."

மருமகள் நகரவில்லை. நகர அவளுக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அத்தை ஓரடி பக்கவாட்டில் வைத்தாள். தகடு கிறீச்சென்றது. தடுமாறிவிடாமல் இருக்கத்தானோ என்னவோ, மருமகளின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்தாள். பிடியில் கோபம் இருந்தது, நகம் பதிந்தது.

"சிரிங்க," என்றார் அந்த ஆள். இருவரும் சிரிக்கவில்லை. எடுத்தாகிவிட்டது, போட்டோவைப் போட்டுவிடுகிறோம், பார்க்கலாம் என்று கையசைத்துவிட்டுத் தம்பதியர் பைக்கில் ஏறினார்கள். அது திருப்பத்தில் மறைந்தது. அதன் சத்தமும் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. புறாக்கள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குத் திரும்பி வந்தன.

முழங்கையைப் பிடித்த கை விடவில்லை. வலித்தது. எங்கே அசைந்தால் விட்டுவிடுமோ என்று மருமகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்தத் துருத் தகட்டின் மேல், எதிரில் யாரோ இன்னும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல, இருவரும் வெறும் சாலையை நேராகப் பார்த்தபடி ஒட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.